கரை சேரும் கலை

ஒருவன் வாழ்வில் நிலைபெற்றுவிட்டான் என்பதைச் சொல்ல, "அவன் கரை சேர்ந்துவிட்டான்" என்கிறோம். மகளுக்கு மணமுடித்து வைத்த தாய், "பிள்ளையைக் கரை சேர்த்துவிட்டேன்" என்று பெருமூச்சு விடுகிறாள். எவ்வளவு தூரம் ஓடினான், எத்தனை வேகமாக ஓடினான் என்பவற்றை நம் மொழி கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. கரையிலே கால் பதிந்ததா என்றே கேட்கிறது. கடலோரத்திலும் ஆற்றோரத்திலும் வாழ்ந்த மக்கள் படகுப் பிரயாணத்திலே கண்ட உண்மைதான் இவ்வாறு வீட்டுப் பேச்சில் வந்து அமர்ந்தது போலும்!

அந்தச் சொல் பிறந்த இடத்துக்கே இவ்வாரம் நாம் போய்வருவோம். காற்றும் நீரோட்டமும் உள்ள ஓரிடத்தில் ஓர் இயந்திரப் படகு எவ்வாறு துறையை அணைகிறது என்பதே நாம் எடுத்துக்கொண்ட விஷயம். இதற்குக் கிண்ணியாவைவிடப் பொருத்தமான இடம் நமக்குத் தோன்றவில்லை.

திருகோணமலைக்குத் தெற்கே, தம்பலகாமக் குடாவின் நீர் கொட்டியாரக் குடாவோடு கலக்கும் வாயிலில் அமைந்திருக்கிறது கிண்ணியா. இலங்கையின் மிக நீண்ட ஆறான மகாவலி கங்கையும் அதே கொட்டியாரக் குடாவில்தான் வந்து விழுகின்றது. ஊரைச் சுற்றிக் கடலும் களப்பும் ஆறும் இருப்பதால், அங்கே வீட்டைவிட்டுப் புறப்படுபவர் எங்கேனும் ஓரிடத்தில் நீரைக் கடந்தே ஆகவேண்டும். மிக நெடுங்காலம் துறையடியிலிருந்து 'பாதை' என்று அவ்வூரார் வழங்கும் மிதவைதான் மக்களையும் வண்டிகளையும் அக்கரை சேர்த்தது. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. திறக்கப்பட்டபோது நாட்டிலேயே மிக நீண்ட பாலம் அதுவே. அன்றோடு துறையடியில் காத்துக்கிடக்கும் காலம் முடிந்தது.

ஆயினும் நீரைக் கடக்கும் தேவை முற்றாக நீங்கிவிடவில்லை. 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை, கிண்ணியாவைச் சேர்ந்த குறிஞ்சாக்கேணியில், பாலவேலை நடந்துகொண்டிருந்த இடத்தில் அதற்கு மாற்றாக ஓடிய படகுப் பாதை கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் உட்பட ஆறு உயிர்கள் அன்றே போயின. எதிர்க்கரை கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இந்தத் துயரத்தை நினைக்கும்போது, கரைக்கும் படகுக்கும் இடைப்பட்ட சிறிய நீர்ப்பரப்பை நாம் எவ்வளவு அலட்சியமாகப் பார்க்கிறோம் என்ற எண்ணம் எழுகிறது. நடுக்கடலைக் கண்டு அஞ்சுகிறவர்களும் கரை நெருங்கியதும் அச்சத்தை விட்டுவிடுகிறார்கள். படகோட்டத் தெரிந்தவர்களோ கரை நெருங்கிய பிறகே மிகுந்த விழிப்போடு இருக்கிறார்கள். அது ஏன் என்று பார்ப்போம்.

முதலாவதாக, படகைத் தரையில் ஓடும் வண்டியைப்போல் எண்ணிவிடலாகாது. வண்டியின் சக்கரம் தெருவைப் பற்றிக்கொண்டு ஓடுகிறது. திருப்பினால் முன்புறம் திரும்ப, பின்புறம் அதைத் தொடர்கிறது. பிரேக்கை அழுத்தினால் நிற்கிறது. படகுக்குப் பற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. நாம் திருப்பும் விசை அதன் பின்புறமான கடையாரில் இருக்கிறது. ஓட்டி படகை வலப்புறம் திருப்பும்போது, உண்மையில் கடையார் இடப்புறமாகத் தள்ளப்படுகிறது. அதன் பயனாகவே அணியம் வலப்புறம் நோக்குகிறது. துறையை ஒட்டி நிற்கும் படகை விலக்கிக்கொண்டு புறப்படப் புதியவன் ஒருவன் சட்டென்று திருப்பினால், அவனது கடையார் துறைக்கட்டிலே போய் மோதுவது இதனால்தான். படகு முன்னே போகும்போது அது சுழலும் மையம் அணியத்திலிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் அமைகிறது. பின்னே போகும்போது அம்மையம் கடையார்ப் பக்கமாக நகர்ந்துவிடுகிறது. ஆகவே ஒரே படகு முன்னோட்டத்தில் ஒரு விதமாகவும் பின்னோட்டத்தில் வேறு விதமாகவும் நடந்துகொள்கிறது.

பிரேக்கும் கிடையாது. முன்னோக்கிப் போகும் படகை நிறுத்த வேண்டுமானால் இயந்திரத்தைப் பின்னோக்கிச் சுழலவிட வேண்டும். அச்சமயத்தில் இயந்திரம் நின்றுபோனால் நிறுத்த வழியில்லை. அன்றியும், படகின் உள்ளே பொருத்திய இயந்திரமாயின், நீரைத் தள்ளும் விசிறி பின்னோக்கிச் சுழலும்போது கடையாரைப் பக்கவாட்டிலும் சிறிது இழுக்கும். பின்னாலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுழன்று படகை முன்னே செலுத்தும் விசிறி, பின்னோட்டத்தில் கடையாரை இடப்பக்கம் இழுக்கும். அத்தகைய படகை அனுபவசாலிகள் இயன்றவரை இடப்பக்கமாகவே துறையில் அணைப்பார்கள். குறையாகத் தோன்றும் இயல்பையே அவர்கள் உதவியாக்கிக் கொள்கிறார்கள்.

நோர்வேயில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஒலே எவின்ரூட் என்பவர் 1909ஆம் ஆண்டில் கடையாரில் மாட்டிக் கழற்றத்தக்க மோட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அவ்வகை மோட்டாரையே இன்று வெளியிணைப்பு இயந்திரம் என்கிறோம். நம் கரைகளில் காணும் கண்ணாடியிழைப் படகுகள் பெரும்பாலும் இதனாலேயே ஓடுகின்றன. இதிலே மோட்டார் முழுவதுமே திரும்புகிறபடியால், தள்ளும் திசையை நாம் விரும்பியபடி மாற்றலாம். ஆனால் விசிறி சுழலாதபோது திருப்பும் வலிமை பெரும்பாலும் போய்விடும் என்பதை மறக்கலாகாது. எனவே தேர்ந்த ஓட்டி கரையை நெருங்குகையில் கியரைச் சற்றே போட்டு உடனே எடுத்துவிடுவான். மீண்டும் சற்றே போடுவான். ஒவ்வொரு தொடுதலும் படகைத் திருப்புவதற்கே. வேகம் கூட்டுவதற்கு அன்று.

இனி, காற்றையும் நீரையும் கவனிப்போம். நீர் காற்றைப் போல் ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. ஆகவே சம பரப்பின்மீது சமமான அழுத்தம் தரவேண்டுமாயின், நீரோட்டத்தின் வேகத்தைப் போல் சுமார் 28 மடங்கு வேகத்தில் காற்று வீசவேண்டும். மணிக்கு ஒரு கிலோமீற்றர் என நகரும் நீரைப் பார்த்து, "இது ஓட்டமா?" என்று நாம் சிரிக்கலாம். ஆனால் அது மணிக்கு 28 கிலோமீற்றர் வேகக் காற்றுக்கு இணையாகத் தள்ளக்கூடியது. இன்னுமொன்று: வேகம் இரட்டித்தால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 18 கிலோமீற்றர் வேகத்தில் வீசும் காற்று ஒரு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ பாரத்தைப் போல் அழுத்துகிறது. 36 கிலோமீற்றராயின் அது ஆறு கிலோவாகும். பக்கவாட்டில் ஐந்து சதுர மீற்றர் காற்றுக்குக் காட்டும் படகை முப்பது கிலோ பாரம் தள்ளுவதற்கு ஒப்பாகும் அது.

பாரம் ஏற்றிய படகு நீரில் ஆழ்ந்து மிதப்பதால் நீரோட்டத்துக்கே பெரிதும் ஆட்படுகிறது. வெறும் படகு உயர்ந்து மிதப்பதால் காற்றுக்கு ஆட்படுகிறது. காலையில் ஆட்களை நிறைத்துச் சென்ற படகும் ஆளிறக்கித் திரும்பும் அதே படகும் ஒன்றுபோல் நடந்துகொள்ளா. காலையில் செய்தது போலவே மாலையிலும் செய்வேன் என்று பிடிவாதம் பிடிக்கும் ஓட்டியை அவனது படகே திருத்திவிடும்.

கிண்ணியாப் பக்கத்தில் இக்கணக்கு பருவத்துக்குப் பருவம் மாறும். ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று மேற்கிலிருந்து தரைமீது காய்ந்து வரும். மார்கழியை ஒட்டிய மாதங்களில் வாடை வடகிழக்கிலிருந்து மழையோடு வரும். வற்றுப்பெருக்கால் கடல்மட்டம் உயர்ந்து தாழ்வது இப்பகுதியில் ஒரு மீற்றருக்கும் குறைவே. ஆயினும் அகன்ற களப்பின் நீர் முழுவதும் ஒடுங்கிய வாய் வழியே போய்வர வேண்டியிருப்பதால், அவ்விடத்தில் ஓட்டம் வலுக்கிறது. ஏறக்குறைய ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அதன் திசை மாறும். மாறும் நேரமும் நாளுக்கு நாள் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் பிந்தும். மாரி வெள்ளமும் சேர்ந்துகொண்டால் வற்றும் நீரின் வேகம் மேலும் கூடும். நேற்று இந்நேரத்தில் நீர் உள்ளே போனது என்பதனால் நாளை மறுநாளும் அப்படியே போகும் என்று எண்ணிவிட முடியாது.

ஆதலால் துறைக்கு வெளியே சற்று நின்று பார்ப்பது முதற்கடமை. கருவி ஏதும் வேண்டியதில்லை. கொடியும் புகையும் காற்றைச் சொல்லும். துறைக்கட்டின் தூண்களைப் பார்த்தால், நீர் வந்து மோதும் பக்கத்தில் சிறு மேடும், எதிர்ப்பக்கத்தில் சுழிப்பும் தெரியும்; அவை ஓட்டத்தைச் சொல்லும். ஒற்றைக் கயிற்றில் மிதக்கும் படகுகள் எத்திசை நோக்கி நிற்கின்றனவோ, அத்திசையிலிருந்தே அச்சமயம் வலிய விசை வருகின்றது. காற்றும் நீரும் எதிரெதிராக இருக்கும் நாட்களில் இந்த அடையாளம் மிக உதவும்; இரண்டில் எது வென்றிருக்கிறது என்று அந்தப் படகுகளே தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கும்.

வலியது எதுவென்று கண்டபின், அதை எதிர்நோக்கியே துறையை அணுகவேண்டும். இதன் நியாயத்தை மாணவர்கள் ஒரு சிறு கணக்கால் அறியலாம். நீர் மணிக்கு 3 கிலோமீற்றர் வேகத்தில் துறையை ஒட்டி ஓடுகிறது என்று கொள்வோம். படகு சொற்கேட்டுத் திரும்ப நீரில் அதற்கு மணிக்கு 4 கிலோமீற்றர் வேகம் தேவை என்றும் கொள்வோம். ஓட்டத்தை எதிர்த்து வந்தால் கரையைப் பொறுத்தமட்டில் அதன் வேகம் 1 கிலோமீற்றரே. ஓட்டத்தோடு வந்தால் 7 கிலோமீற்றர். மோதலின் வலிமை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே இரண்டாவது படகு துறையில் மோதினால் முதலாவதைப் போல் 49 மடங்கு வலிமையோடு மோதும்! படகும் ஒன்றே, இயந்திரமும் ஒன்றே, ஓட்டியும் ஒருவனே. வந்த திசை மட்டுமே வேறு.

எதிர்த்து வருவதில் மற்றொரு நன்மையும் உண்டு. ஓட்டத்தின் வேகத்துக்குச் சரியாக இயந்திரத்தின் விசையை வைத்தால் படகு நின்ற இடத்திலேயே நிற்கும். அந்நிலையில் அணியத்தை மட்டும் துறைப்பக்கம் சிறிது சாய்த்தால், ஓடும் நீரே படகைப் பக்கவாட்டில் மெல்லத் தள்ளிக்கொண்டுபோய்த் துறையோடு சேர்க்கும். கரையிலிருந்து பார்ப்பவருக்குப் படகு நண்டைப்போல் பக்கமாக நடந்துவருவதாகத் தோன்றும். சாய்வு மிகுந்தால் நீர் அணியத்தைப் பிடித்துச் சுழற்றிவிடும் என்பதே இதில் கவனிக்கவேண்டியது.

காற்று துறையை நோக்கி வீசும்போது, துறைக்கு ஐந்தாறு அடி தள்ளி, அதற்கு இணையாகப் படகை நிறுத்திவிட்டால் போதும். மிகுதியைக் காற்று பார்த்துக்கொள்ளும். அணியம் இலேசாகவும் உயரமாகவும் இருப்பதால் அதுவே விரைந்து கரைக்குத் தள்ளப்படும். ஆகவே அதைக் காற்றின் பக்கம் சற்றே நிமிர்த்தி வைப்பது நல்லது. பக்கத்தில் பழைய ரயர்களை முன்கூட்டியே தொங்கவிடவேண்டும். காற்று துறையிலிருந்து வெளியே வீசும்போதோ வேலை கடினம். இணையாக வந்தால் எட்டாத தூரத்துக்கு அது தள்ளிவிடும். எனவே முப்பது, நாற்பது பாகைச் சரிவில் அணியத்தை முன்னிட்டு வந்து, முதலில் அணியக் கயிற்றைக் கரை சேர்க்கவேண்டும். அது கட்டுப்பட்டதும் மோட்டாரைத் துறைப்பக்கம் திருப்பி மெல்லப் பின்னோக்கிச் சுழலவிட்டால் கடையாரும் கரையை நாடி வரும்.

கயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை. பட்டினப்பாலையிலே, உப்பை விற்று நெல்லேற்றி வந்த படகுகள் உப்பங்கழியில் லாயத்துக் குதிரைகளைப்போல் வரிசையாகக் கட்டப்பட்டிருந்த காட்சியைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டியிருக்கிறார். குதிரையைக் கட்டத் தெரிந்தவனுக்குப் படகைக் கட்டுவதும் விளங்கும். ஒரே கயிற்றில் கட்டினால் இரண்டுமே சுற்றிச் சுழலும். அணியத்துக்கு ஒன்றும் கடையாருக்கு ஒன்றுமாகக் கட்டினாலும் படகு முன்னும் பின்னும் உலாவும். அணியத்திலிருந்து பின்னோக்கித் துறைத் தூணொன்றுக்குச் சாய்வாக மூன்றாவது கயிறு கட்டினால் அந்த உலாவல் அடங்கும். அதுமட்டுமன்று, அந்தச் சாய்கயிறு இறுகியிருக்க, படகைக் கரையிலிருந்து விலக்குவது போல் மோட்டாரைத் திருப்பி மெல்ல முன்னோக்கிச் செலுத்தினால், கடையார் கரையோடு வந்து ஒட்டி நிற்கும். ஆட்களை இறக்கும்வரை அப்படியே பிடித்தும் வைக்கலாம். எவ்வளவு காற்றாயினும் மனிதர் தம் கைகளால் இழுத்துப் பிடிக்க முயல்வதைவிட இது பன்மடங்கு பாதுகாப்பானது.

இத்தனையும் தெரிந்தவனுக்கும் சில வேளைகளில் கணக்குத் தப்பும். நெருங்கி வரும்போது திடீரென்று காற்று வலுக்கும். அல்லது கயிறு எட்டாமல் விழும். அப்போது செய்யத்தக்கது ஒன்றே. விலகிப்போய் ஒரு சுற்றுச் சுற்றி மறுபடியும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். இதைச் செய்வதற்குத்தான் பலருக்கு மனம் வருவதில்லை. துறையிலே நாற்பது கண்கள் பார்த்துக்கொண்டிருக்கும். "இவனுக்கு ஓட்டத் தெரியாதோ?" என்ற சொல் காதில் விழுமோ என்ற கூச்சம் இருக்கும். அந்தக் கூச்சத்தால் விசையைக் கூட்டி, தவறிய அணைப்பைப் பலத்தால் சரிசெய்ய முயலும்போதே அபாயம் விளைகிறது. திரும்பச் சுற்றிவரும் ஓட்டியைக் கண்டு சிரிப்பவர்கள், தம் உயிரைக் காக்க அவன் தன் பெருமையை விட்டுக்கொடுக்கிறான் என்பதை அறியாதவர்கள்.

பெரிய நாடுகளின் பெரிய கப்பல்களுக்கும் இந்தக் கடைசித் தூரமே சோதனை. நியூயோர்க் நகரில் 2003 ஒக்டோபர் 15ஆம் திகதி, ஸ்டேட்டன் தீவுக்குப் பிரயாணிகளை ஏற்றிச் சென்ற 'அண்ட்ரூ ஜே. பார்பெரி' என்னும் படகுக்கப்பல், இறங்குதுறையை நெருங்கிய பின்னும் வேகம் குறையாமல் சென்று கொங்கிறீற்றுக் கட்டொன்றில் மோதியது. பதினொரு பேர் உயிரிழந்தார்கள். செலுத்திக்கொண்டிருந்தவர் நினைவு தப்பியிருந்தார். துறையை அணையும் சமயத்தில் அவர் அருகே இருந்திருக்கவேண்டிய கப்பல்தலைவர் அங்கே இருக்கவில்லை. நாள்தோறும் பலமுறை போய்வந்த பழகிய துறைதான் அது. பழக்கம் மிகுந்த இடத்திலேயே விழிப்புக் குறைகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இதுவரை ஓட்டியின் கடமையைச் சொன்னோம். படகில் இருப்பவர்களுக்கும் கடமை உண்டு. இப்பகுதியைப் படிக்கும் தாய்மாரும் மாணவரும் இதையே முக்கியமாக மனத்தில் கொள்ளவேண்டும். கரை தெரிந்ததும் எல்லோரும் ஒருமிக்க எழுந்து இறங்கும் பக்கம் நெருங்குவது நம்மிடையே உள்ள பெருங்குறை. பத்துப் பேர் எழுந்து ஒரு பக்கம் சேர்ந்தால் ஏறக்குறைய அறுநூறு கிலோ பாரம் இடம் மாறுகிறது. எழுந்து நிற்பதனாலே பாரத்தின் மையமும் உயர்கிறது. அமர்ந்திருந்தவரை அசையாமல் வந்த படகு, அந்த ஒரு கணத்தில் சாய்கிறது. ஓட்டி காற்றையும் நீரையும் எண்ணிப் போட்ட கணக்கெல்லாம் அவனுக்குப் பின்னால் எழுந்தவர்களால் குலைந்துபோகிறது.

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பது பழமொழி. படகில் ஒரு காலும் துறையில் ஒரு காலுமாக நிற்பவரின் கதியும் அதுவே. கட்டாத படகு, நாம் துறையில் ஊன்றும் காலின் உதைப்பாலேயே பின்வாங்கும். நடுவிலே விழுபவர் மீது அலையோடு படகு திரும்பி வந்து மோதும். துறைக்கட்டைக் கையால் பிடித்துப் படகை நிறுத்த முயலும் பிள்ளைகளின் விரல்களும் அவ்வாறே நசுங்கும். "இரிங்க மகன், கயிறு கட்டுப்படட்டும்" என்று துறையடிப் பெரியவர் ஒருவர் அதட்டினால், அதைக் கோபமென்று கொள்ளவேண்டாம். நூறு அறிவிப்புப் பலகைகள் சொல்லவேண்டியதை அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுகிறார்.

உயிர்காப்பு அங்கியைக் கரை நெருங்கியதும் கழற்றிவிடுவது மற்றொரு வழக்கம். நீர் ஆளை மூழ்கடிக்க மைல் கணக்கான தூரம் வேண்டியதில்லை என்பதைக் குறிஞ்சாக்கேணி நமக்குக் காட்டிவிட்டது. அங்கி உடலில் இருக்கவேண்டிய நேரம் படகில் ஏறுவதற்கு முன்பே தொடங்கி, தரையில் இரு காலும் ஊன்றிய பின்பே முடிகிறது. அளவுக்குமேல் ஆளேற்றிய படகில் பிள்ளையை ஏற்றாமல் அடுத்த தடவைக்குக் காத்திருக்கும் பெற்றோர், பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போனதற்காக வருந்தவேண்டியதில்லை. அன்றைய முதற்பாடத்தை அந்தப் பிள்ளை துறையிலேயே கற்றுக்கொண்டது என்று எண்ணி அமைதி கொள்ளலாம்.

பாலங்கள் இன்னும் பல வரவேண்டும்; விரைவாகவும் வரவேண்டும். அவை வரும்வரை, பிள்ளைகள் நீரைக் கடந்தே படிக்கப் போகிறார்கள். அடுத்த முறை படகொன்றில் போகும்போது, துறை நெருங்கியதும் எழுந்துவிடாமல் அமர்ந்திருந்து, காற்று எங்கிருந்து வருகிறது, நீர் எங்கே போகிறது, ஓட்டி எதை எதிர்நோக்கித் திரும்புகிறார், எந்தக் கயிறு முதலில் கரைக்குப் போகிறது என்று உங்கள் பிள்ளைக்குக் காட்டுங்கள். கடைசிக் கயிறு கட்டி முடிவதற்குள் நாலைந்து நிமிடம் சென்றுவிடும். அந்த நாலைந்து நிமிடத்தையும் அமர்ந்திருந்தே கழித்துவிட்டு, பிறகு ஒருவர்பின் ஒருவராக இறங்குவோம்.